கிருபையும் கிரியையும்

சமய வாழ்விலே மிகப் பழைமையான வினாக்களுள் ஒன்று, மனிதன் தன் முயற்சியால் ஈடேறுகின்றானா, இறைவன் அருளால் ஈடேறுகின்றானா என்பது. தமிழகத்து வைணவ ஆசிரியர்கள் இவ்வினாவை ஆராய்ந்தபோது இரண்டு உவமைகளைக் கையாண்டனர். குரங்குக் குட்டி தன் தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியோ ஒன்றும் செய்யாது கிடக்க, தாய்ப்பூனை அதனை வாயாற் கவ்வி எடுத்துச் செல்லும். முன்னையது மர்க்கட நியாயம் எனவும், பின்னையது மார்ச்சால நியாயம் எனவும் வழங்கப்பட்டன. கிறித்தவ உலகிலும் இவ்வினா எழுந்தது. அங்கே அது கிருபை, கிரியை என்னும் இரு சொற்களைச் சுற்றி நிகழ்ந்தது. கிருபையாவது தகுதி நோக்காது இறைவன் வழங்கும் அருட்கொடை. கிரியையாவது மனிதன் செய்யும் நற்செயல், நோன்பு, ஒழுக்கம் ஆகிய யாவும்.

மனிதர் மீட்கப்படுவது கிருபையினாலேயே என்றும், தன் செயலைக் காட்டிப் பெருமை பாராட்ட எவருக்கும் இடமில்லை என்றும் முதலாம் நூற்றாண்டிலே பவுல் அப்போஸ்தலர் எழுதினார். செயலில்லாத விசுவாசம் உயிரற்றது என்று யாக்கோபின் நிருபம் வற்புறுத்திற்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பெலாகியுஸ் என்ற துறவி, மனிதன் தன் விருப்பாற்றலாலேயே நன்னெறியில் நிற்க வல்லவன் என்றார். ஹிப்போ நகரத்து ஆயராகிய அகுஸ்தீன், அருள் முந்தி வந்தாலன்றி அவ்விருப்பமும் பிறவாது என மறுத்தார். 418 ஆம் ஆண்டிலே கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் பெலாகியுஸின் கொள்கையைத் தள்ளியது. பதினாறாம் நூற்றாண்டிலே மார்ட்டின் லூதர் இவ்வினாவை மீண்டும் எழுப்பியபோது ஐரோப்பிய கிறித்தவ உலகமே இரண்டாயிற்று.

இவையெல்லாம் நூலோர் நிகழ்த்திய வாதங்கள். ஆனால் இவ்வினா ஒரு தனிமனிதருடைய வாழ்விலே எவ்வாறு எழுகின்றது என்பதை அறிய விரும்புவோர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில நாட்டை நோக்குதல் வேண்டும். ஒழுக்கத்திலே சிறிதும் குறைவில்லாத ஒரு குருவானவர், அவ்வொழுக்கம் தமக்குப் போதாது எனக் கண்டு கலங்கிய வரலாறு அங்கே உண்டு. அவரே மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த யோன் வெஸ்லி.

வெஸ்லி 1703 ஆம் ஆண்டு ஜூன் மாதம், லிங்கன்ஷயர் மாகாணத்து எப்வேர்த் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் சாமுவேல் அவ்வூர்க் குருவானவர். தாயார் சூசன்னா, பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் கால அட்டவணை வகுத்துக் கற்பித்த கண்டிப்புள்ள அம்மையார். 1709 இல் ஓரிரவு குருமனை தீப்பற்றி எரிந்தபோது, ஐந்து வயதுச் சிறுவனாகிய வெஸ்லி மேன்மாடத்திலே அகப்பட்டுக்கொண்டார். அயலார் ஒருவர் தோள்மேல் மற்றொருவர் ஏறிநின்று சாளரத்தின் வழியாக அவரை எடுத்தனர். எடுத்த சிறிது பொழுதில் கூரை இடிந்து வீழ்ந்தது. தன் முயற்சி எதுவுமின்றிப் பிறர் கையினாற் காப்பாற்றப்பட்ட பிள்ளை அவர். ஆயினும் அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்த வாழ்வு முழுவதும் தம் முயற்சியாலேயே தம்மைக் காத்துக்கொள்ள முயன்ற வாழ்வாக அமைந்தது.

1720 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் புகுந்த வெஸ்லி, 1725 இல் உதவிக்குருவாகவும் 1728 இல் குருவாகவும் அபிடேகம் பெற்றார். இடையிலே, 1726 இல், லிங்கன் கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1729 இல், அவருடைய தம்பியார் சாள்ஸ் வெஸ்லியும் நண்பர் சிலரும் கூடியிருந்த சிறு குழுவுக்குத் தலைமை பூண்டார். இவர்கள் புதன்கிழமையிலும் வெள்ளிக்கிழமையிலும் பிற்பகல் மூன்று மணிவரை உணவு கொள்ளாதிருந்தனர். கிழமைதோறும் திருவிருந்திற் கலந்துகொண்டனர். ஒக்ஸ்போர்ட் கோட்டைச் சிறைக்குச் சென்று கைதிகளைக் கண்டனர். கடன்பட்டுச் சிறைப்பட்டோருக்குப் பொருளுதவி செய்தனர். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தனர். எதனையும் முறைவகுத்துச் செய்த இவர்களை உடன்பயின்ற மாணவர்கள் முறைமைக்காரர் என்னும் பொருளிலே மெதடிஸ்தர் எனப் பரிகசித்தனர். ஏளனமாக இட்ட அப்பெயரே பின்னர் ஒரு திருச்சபையின் பெயராக நிலைபெற்றது.

வெஸ்லியின் ஒழுக்கம் கணக்கெழுதும் வணிகருடைய ஒழுக்கத்தை ஒத்தது. விடியுமுன் நான்கு மணிக்கு எழுவார். குறியெழுத்திலே எழுதிய நாட்குறிப்பில், கழிந்த ஒவ்வொரு மணிப்பொழுதும் எவ்வாறு கழிந்தது என்று பதிந்து வைப்பார். ஆண்டொன்றுக்கு 30 பவுண் வருவாய் பெற்றபோது 28 பவுணிலே வாழ்ந்து 2 பவுணைத் தருமஞ் செய்த ஒருவரைப் பற்றிப் பிற்காலப் பிரசங்கம் ஒன்றிலே அவர் பெயர் சுட்டாது கூறியுள்ளார். வருவாய் 60 ஆகவும், 90 ஆகவும், 120 ஆகவும் பெருகியபோதும் அவர் அதே 28 பவுணிலே வாழ்ந்து எஞ்சியதைக் கொடுத்துவிட்டார் என்பது அவ்வரலாறு. அம்மனிதர் வெஸ்லியே என்பர். இத்துணை நற்செயல் புரிந்தும் அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. எவ்வளவு செய்தாற் போதும் என்பதை எந்தக் கணக்கும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்நிலையிலே 1735 ஒக்டோபரில், அமெரிக்காவிலே புதிதாக ஏற்பட்ட ஜோர்ஜியாக் குடியேற்றத்துக்குக் குருத்துவப் பணி செய்யக் கப்பலேறினார். அங்குள்ள பழங்குடி மக்களுக்கு நற்செய்தி கூறுவதும் அவர் நோக்கமாயிருந்தது. ஆனால் தாம் செல்வதற்குத் தலையாய காரணம் தம் ஆன்மாவைக் காத்துக்கொள்வதே என்று அவர் தம் நண்பர் ஒருவருக்கு வெளிப்படையாக எழுதினார். பிறருக்குச் செய்யப்போகும் ஊழியமும் தம் கணக்கிலே வரவு வைக்கப்படவேண்டிய ஒன்றாகவே அவருக்குத் தோன்றியது.

அதே கப்பலிலே மொறேவியர் எனப்படும் ஜெர்மன் கிறித்தவர் இருபத்தறுவரும் இருந்தனர். பிறர் செய்ய மறுத்த இழிந்த வேலைகளை அவர்கள் கூலி பெறாது செய்தனர். 1736 ஜனவரி 25 ஆம் நாள் மாலை, அவர்கள் சங்கீதம் பாடி வழிபாட்டைத் தொடங்கிய வேளையில், கடல் பொங்கிக் கப்பலின் பெரும்பாயைக் கிழித்து மேல்தட்டை மூடிற்று. ஆங்கிலப் பயணிகள் அலறினர். ஜெர்மானியரோ பாட்டை நிறுத்தாது பாடி முடித்தனர். வழிபாட்டின்பின் வெஸ்லி அவர்களுள் ஒருவரை அணுகி, அச்சம் உண்டாகவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளுமாவது அஞ்சவில்லையா என்று மீண்டும் கேட்டபோது, தங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாவுக்கு அஞ்சுவதில்லை என்று அவர் அமைதியாக விடையளித்தார். வெஸ்லியோ அஞ்சினார். ஒக்ஸ்போர்டிலே பயின்ற நோன்பெல்லாம் அந்த ஒரு நாழிகையிலே தமக்குத் துணைநில்லாமையை அவர் உணர்ந்தார்.

ஜோர்ஜியாவை அடைந்ததும் ஸ்பாங்கன்பேர்க் என்னும் மொறேவியத் தலைவர் அவரைச் சந்தித்து, இயேசு கிறிஸ்துவை அறிவீரா என வினவினார். அவர் உலக இரட்சகர் என்பதை அறிவேன் என்றார் வெஸ்லி. அவர் உம்மை இரட்சித்தார் என்பதை அறிவீரா என்று மறுபடியும் கேட்டார் ஸ்பாங்கன்பேர்க். வெஸ்லி ஒருவாறு விடை கூறினாராயினும், அது வெறுஞ் சொல்லாகவே இருந்ததென்று தாமே நாட்குறிப்பில் எழுதி வைத்தார். உலகுக்குப் பொதுவான உண்மையைக் கற்றிருந்த பேராசானிடம், தமக்கென்று சொல்ல ஓர் உண்மை இருக்கவில்லை.

ஜோர்ஜியாவில் அவர் செய்த பணி தோல்வியாய் முடிந்தது. சவானா நகரக் குடிகள்மேல் ஒக்ஸ்போர்ட் ஒழுங்குகளை அவர் விதித்தபோது அவர்கள் வெறுப்புற்றனர். தாம் மணம்புரிய எண்ணித் தயங்கிய பெண் வேறொருவரை மணந்தபின், அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தமையால் வழக்கு ஏற்பட்டது. 1737 டிசம்பரில் அவர் அங்கிருந்து புறப்பட்டார். அமெரிக்கப் பழங்குடி மக்களை மனந்திருப்பச் சென்ற தம்மை மனந்திருப்புவார் யார் என்று திரும்பும் வழியிலே அவர் வருந்தி எழுதிய பகுதி, சமய வரலாற்றிலே காணப்படும் உண்மையான ஒப்புதல் வாக்குமூலங்களுள் ஒன்று. அவர் 1738 பெப்ரவரி முதலாம் நாள் ஆங்கிலக் கரையை அடைந்தார்.

ஒரு கிழமைக்குள், பீற்றர் போலர் என்னும் இளம் மொறேவியரை இலண்டனிலே சந்தித்தார். மீட்பு விசுவாசத்தின் வழியாகப் பெறும் கொடையேயன்றி நல்லொழுக்கத்துக்குக் கிடைக்கும் கூலியன்று என்று போலர் எடுத்துரைத்தார். வெஸ்லி அதனை வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, இறுதியில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு தடை இருந்தது. தம்மிடம் இல்லாத விசுவாசத்தைப் பிறருக்குப் பிரசங்கித்தல் எங்ஙனம் பொருந்தும்? பிரசங்கத்தை நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்க, விசுவாசம் கிட்டும்வரை அதனைப் பிரசங்கித்து வருக, கிட்டியபின் அது இருப்பதனாலேயே பிரசங்கிப்பீர் என்று போலர் அறிவுரை கூறினார்.

இவ்வறிவுரையின்படி வெஸ்லி முதன்முதலாகப் பேசியது பேராலயத்திலன்று, சிறைச்சாலையிலே. 1738 மார்ச் 6 ஆம் நாள், மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த கிளிபோர்ட் என்னும் கைதியிடம் அவர் சென்றார். அக்கைதியிடம் பேசுமாறு போலர் பலமுறை வேண்டியும் அவர் அதுவரை இணங்கியிருக்கவில்லை. காரணத்தை அவரே பதிந்துள்ளார். சாகுந் தறுவாயிலே செய்யும் மனந்திரும்புதல் பயனற்றது என்ற கொள்கையை அவர் பல்லாண்டாக உறுதியாகப் பற்றியிருந்தார்.

கிருபையா கிரியையா என்னும் வினா, ஏட்டை விட்டு இறங்கி மனிதருக்கு நேரே வந்து நிற்கும் இடம் இதுவே. தூக்குமேடைக்குச் செல்ல நாள் குறிக்கப்பட்டவனுக்கு நோன்பு நோற்க நாளில்லை. தருமஞ் செய்யப் பொருளில்லை. திருந்தி வாழ்ந்து காட்ட வாழ்வே இல்லை. மீட்பு செயலுக்குக் கிடைக்கும் கூலியாயின் அவனுக்குச் சொல்வதற்கு எந்த நற்செய்தியும் இல்லை. அது கொடையாயின் அவனும் பெறலாம். சிறையைப் பல ஆண்டுகளாக நன்கறிந்திருந்த வெஸ்லிக்கு இன்னொன்றும் விளங்கியிருத்தல் வேண்டும். அக்கைதிக்குக் கூறக்கூடிய செய்தி எதுவோ, அதுவே கப்பலில் அஞ்சி நின்ற கல்லூரி ஆசிரியருக்கும் தேவையான செய்தி.

அதே மாதம் 27 ஆம் நாள் அவர் நண்பர் ஒருவருடன் சிறைக்குச் சென்று, சாவை எதிர்நோக்கியிருந்த கைதி ஒருவனுடன் முழந்தாளிட்டார். முதலிலே புத்தகத்திலுள்ள மன்றாட்டுகளைச் சொல்லினர். பின்னர் உள்ளத்திலே தோன்றிய சொற்களால் மன்றாடினர். கலக்கத்துடன் முழந்தாளிட்ட அம்மனிதன் தெளிந்த முகத்தோடு எழுந்து, தான் இனிச் சாக ஆயத்தம் என்றான். கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டபோதும் அத்தெளிவு அவனை விட்டு நீங்கவில்லை என வெஸ்லி எழுதினார். குருவானவர் தாம் பெறாத அமைதியைக் கைதி பெறக் கண்டார்.

அவருக்கு அது மே மாதத்திலே கிட்டியது. 21 ஆம் நாள், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, நோயுற்றிருந்த தம்பியார் சாள்ஸ் மன அமைதி பெற்றார். 24 ஆம் நாள் புதன்கிழமை பிற்பகலிலே வெஸ்லி இலண்டன் தூய பவுல் பேராலயத்துக்குச் சென்று, ஆழங்களிலிருந்து இறைவனைக் கூவியழைக்கும் 130 ஆம் சங்கீதம் பாடப்படக் கேட்டார். அன்று மாலை ஓல்டர்ஸ்கேற் தெருவிலே நடந்த சிறு கூட்டமொன்றுக்கு விருப்பமின்றியே போனார். அங்கே ஒருவர், உரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூதர் இயற்றிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணியாவதற்கு ஏறக்குறையக் கால்மணி முன், கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தினால் இறைவன் உள்ளத்திலே செய்யும் மாற்றத்தை அவர் வாசித்தபோது, வெஸ்லியின் நெஞ்சம் இளகி வெம்மையுற்றது. தம்முடைய பாவமும் நீக்கப்பட்டது என்னும் உறுதி அப்போது தமக்கு உண்டாயிற்று என்று அவர் குறித்தார். ஸ்பாங்கன்பேர்க்கின் வினாவுக்கு ஈராண்டின்பின் விடை கிடைத்தது.

அன்று வாசிக்கப்பட்ட முன்னுரை எத்தகையது என்பதும் நோக்கற்பாலது. லூதர் அதனை 1522 இலே தம் ஜெர்மன் மொழிப் புதிய ஏற்பாட்டுடன் வெளியிட்டார். அவரும் 1505 இல் மடம் புகுந்து, நோன்பாலும் ஒறுத்தலாலும் இறைவனை நிறைவிக்க முயன்று, முடியாமல் வருந்தியவரே. விசுவாசமே மனிதனை நீதிமானாக்கும் என்று முழங்கிய லூதர், அவ்விசுவாசம் சோம்பியிருக்கும் ஒன்று என்று கூறவில்லை. அது உயிருள்ளது, நன்மை செய்யாதிருக்க அதனால் இயலாது என்றே அம்முன்னுரையில் விளக்கினார். கிருபையைப் பற்றிய இருவகைத் தவறுக்கும் மருந்து அவ்விடத்திலேயே இருந்தது. பின்னாளில் வெஸ்லிக்கு இரண்டும் தேவைப்பட்டன.

உள்ளத்திலே அமைதி பெற்றவுடன் சோதனைகள் யாவும் ஒழிந்தன என எண்ணுதல் கூடாது. அடுத்த சில மாதங்களிலேயே அவருடைய நாட்குறிப்பில் ஐயமும் தளர்வும் மீண்டும் தோன்றுகின்றன. 1766 இலே தம்பியாருக்கு எழுதிய கடிதமொன்றிலும் தம் உள்ளத்து வறட்சியை அவர் மறைக்காது கூறியுள்ளார். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. முன்னர்த் தளர்வு வந்தபோது பணியை நிறுத்திவிடலாமோ என்று கேட்டவர், பின்னர்த் தளர்ந்த நாளிலும் பணியை நிறுத்தவில்லை. அமைதி தம் மனநிலையைப் பொறுத்ததன்று, கொடுத்தவருடைய வாக்கைப் பொறுத்தது என்பதை அவர் கற்றுக்கொண்டார்.

1738 ஜூன் 11 ஆம் நாள், ஒக்ஸ்போர்ட் தூய மரியாள் ஆலயத்திலே, விசுவாசத்தினால் வரும் மீட்பைப் பற்றி அவர் பிரசங்கித்தார். இச்செய்தி பல ஆலயத்தாருக்கு உவப்பாயிருக்கவில்லை. ஒழுக்கத்தோடு வாழ்ந்த குடிமக்களுக்கும் தூக்குக் கைதிக்கும் ஒரே வாயில்தான் உண்டு என்றால் யார் விரும்புவர்? கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. கிங்ஸ்வூட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே வெட்டவெளியிலே பிரசங்கித்து வந்த நண்பர் ஜோர்ஜ் வைற்பீல்ட் அவரை அழைத்தார். அத்தொழிலாளரின் கரி படிந்த கன்னங்களிலே கண்ணீர் ஓடிய தடம் வெண்கோடாய்த் தெரிந்தது என்பது வைற்பீல்ட் கூறிய செய்தி. ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பது ஒழுங்கன்று என்று எண்ணியிருந்த வெஸ்லி, 1739 ஏப்ரல் 2 ஆம் நாள் பிறிஸ்டல் நகரின் புறத்தே ஒரு மேட்டில் நின்று, தம் கணக்குப்படி ஏறக்குறைய மூவாயிரம் பேருக்குப் பேசினார். சாள்ஸ் வெஸ்லியோ அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில், நியூகேற் சிறையிலே சாவுத்தீர்ப்புப் பெற்றிருந்தோரை நாள்தோறும் கண்டார். அவர்களுள் தன் எசமானின் பொருளைத் திருடிய, நோயுற்ற கறுப்பின அடிமை ஒருவனும் இருந்தான். இறுதியிரவு அவர்களுடன் சிறைக்கூடத்திலே அடைபட்டிருந்து, மறுநாள் டைபேர்ண் கொலைக்களத்துக்கும் உடன் சென்றார்.

ஆயினும் கிருபைக் கொள்கைக்கு உள்ளிருந்தே ஓர் ஆபத்து வந்தது. இலண்டன் பெற்றர் சந்துச் சங்கத்திலே, மொல்தர் என்னும் மொறேவியப் போதகர் 1739 இறுதியிலே ஒரு புதுப்போதனையைத் தொடங்கினார். நிறைவிசுவாசம் பெறாதவர் ஆலயத்துக்குப் போதலும், திருவிருந்து கொள்ளலும், வேதம் வாசித்தலும் கூடத் தம் செயலை நம்புதலாகும். ஆதலால் அவற்றை விடுத்துச் சும்மா இருத்தலே தகும் என்றார் அவர். பூனைக் குட்டியின் நிலையை எல்லைவரை கொண்டு சென்ற கொள்கை இது. வெஸ்லி இதனை ஏற்கவில்லை. மன்றாட்டும் வேதமும் கூலிக்குச் செய்யும் வேலையல்ல, அவை கிருபை வந்து சேரும் வாய்க்கால்கள். வாய்க்காலைத் தூர்த்துவிட்டு நீரை எதிர்பார்த்திருப்பது பணிவாகாது என்பது அவர் கருத்தின் சாரம். 1740 ஜூலை 20 ஆம் நாள், தமக்கு வழிகாட்டியவர்களின் சங்கத்தை விட்டு, இருபது பேருக்கும் குறைவானோருடன் அவர் வெளியேறினார். கிரியையை நம்பிய காலத்திலே கிருபைக்காகப் போராடியவர், கிருபையைக் கண்ட ஈராண்டிலேயே கிரியைக்காகப் போராட வேண்டியிருந்தது.

1743 இலே தம் சங்கங்களுக்கு வகுத்த பொதுவிதிகளிலே இவ்விரு பக்கமும் ஒருங்கே அமைந்தன. சங்கத்திற் சேருவதற்கு ஒரே ஒரு நிபந்தனையே இருந்தது. பாவத்தினின்று விடுபட விருப்பம் இருத்தல் வேண்டும். படிப்போ பிறப்போ முன்செய்த நற்செயலோ கேட்கப்படவில்லை. ஆனால் சேர்ந்தபின் அவ்விருப்பம் உண்மையாயின், அது தீமை செய்யாமையாலும், இயன்ற நன்மை செய்தலாலும், வழிபாட்டு நியமங்களைக் கைக்கொள்ளுதலாலும் வெளிப்படவேண்டும் என விதிக்கப்பட்டது.

இந்நடுநிலை இரு சாராருக்கும் இடறலாயிற்று. கிருபை சிலருக்கே முன்குறிக்கப்பட்டது என்ற வைற்பீல்டுடன், அது எல்லாருக்கும் உரியது என்ற வெஸ்லி முரண்பட நேர்ந்தது. 1770 இல் நிகழ்ந்த மாநாட்டின் குறிப்புகளிலே நற்செயலின் இன்றியமையாமையை அவர் அழுத்திக் கூறியபோது, கிருபைக் கொள்கையையே கைவிட்டார் என்று ஹன்ரிங்டன் சீமாட்டியும் அவரைச் சார்ந்தோரும் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டு மாநாட்டிலே வெஸ்லியும் அவருடைய போதகர்களும், செயலினால் நீதிமானாதல் என்னும் கொள்கை தமக்கில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டனர். அதே வேளையில், வாய்ப்பு இருந்தும் நன்மை செய்யாதவனை உண்மை விசுவாசி எனவும் அவர்கள் ஏற்கவில்லை.

கிருபையினால் வாழ்ந்த அவ்வாழ்வு சோம்பல் வாழ்வாக இருந்ததா என்பதற்கு வரலாறே சான்று. ஐம்பதாண்டுக்கு மேலாக அவர் பெரும்பாலும் குதிரைமீது ஊரூராகச் சென்று, நாற்பதினாயிரம் பிரசங்கங்கள் செய்தார் எனக் கணிப்பர். 1746 இலே ஏழைகளுக்கு மருந்துச்சாலை திறந்தார். அவ்வாண்டிலேயே வட்டிக்காரரிடம் சிக்குண்டோருக்குச் சிறுகடன் நிதியமொன்றைத் தொடங்கினார். பெற்றவர்கள் மூன்று மாதத்துள் திருப்பிக் கொடுத்தனர். 1774 இலே அடிமை வாணிபத்தைக் கண்டித்து நூல் எழுதினார். 1785 ஜனவரியிலே, எண்பத்தொரு வயதிலே, உருகும் பனியில் கணுக்கால் நனைய இலண்டன் தெருக்களிலே நாட்கணக்காக நடந்து, ஏழைகளுக்கு ஆடை வாங்க 200 பவுண் இரந்து சேர்த்தார். 1791 பெப்ரவரி 24 ஆம் நாள், சாவுக்கு ஆறு நாட்களின் முன், அடிமை வாணிபத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்சுக்கு ஊக்கமளித்துக் கடிதம் எழுதினார். மார்ச் 2 ஆம் நாள் இறந்த அவருடைய பேழையை, அவர் விருப்ப ஆவணத்திலே கூறியபடி, ஏழைகள் அறுவர் சுமந்தனர்.

இங்கே ஒரு வினா எழலாம். ஒக்ஸ்போர்டிலும் நான்கு மணிக்கு எழுந்தார். முதுமையிலும் நான்கு மணிக்கே எழுந்தார். அங்கும் சிறைக்குப் போனார், தருமஞ் செய்தார். பின்னரும் அவற்றையே செய்தார். ஆயின் மாறியது யாது? இதற்கு விடை வெஸ்லியின் கையெழுத்திலேயே உண்டு. 1770களிலே தம் நூல்களைத் திரட்டி மறுபதிப்புச் செய்தபோது, இளமையிலே தம்மைத் தாமே கடிந்து எழுதிய இடங்களுக்குச் சிறுகுறிப்புகள் சேர்த்தார். அக்காலத்திலே தாம் மனந்திரும்பாதவர் என்று எழுதியது சரிதானா என்பது உறுதியில்லை என்றும், அப்போதும் தமக்கு ஓர் ஊழியக்காரனுடைய விசுவாசம் இருந்தது, மைந்தனுடைய விசுவாசமே இருக்கவில்லை என்றும் அவர் திருத்தினார். ஒரு வீட்டிலே வேலையாளும் மைந்தனும் ஒரே வயலை உழலாம், ஒரே வெயிலிலே வியர்க்கலாம். வேலையாள் மாலையிலே கூலி கிடைக்குமோ என்று நோக்குகின்றான். மைந்தனோ வீடு தன்னுடையது என்பதால் உழைக்கின்றான். உழைத்து மைந்தனாகியவன் இல்லை. கடுமையாக முயன்ற தம் இளமையையும் முதுமையிலே இரக்கத்தோடு நோக்க அவரால் முடிந்தது, கிருபை அவருக்குக் கற்பித்த இன்னொரு பாடம்.

தம் மக்களைப் பற்றிய கவலையும் அவருக்கு இருந்தது. மெய்ச்சமயம் உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும். அவை செல்வத்தைப் பிறப்பிக்கும். செல்வம் பெருமையைப் பிறப்பித்து அச்சமயத்தையே கெடுக்கும் என்று அவர் கண்டார். மெதடிஸ்தர் என்னும் பெயர் உலகில் இல்லாது போகுமோ என்பதைவிட, உயிரற்ற உருவமாக நிலைத்துவிடுமோ என்பதே தம் அச்சம் என்று 1786 இல் எழுதினார். கொடையாகப் பெற்றதைத் தன் தகுதியாகக் கருதும் நாளிலே, விரட்டப்பட்ட பழைய கணக்கேடு புதிய அட்டையோடு திரும்பி வருகின்றது.

வெஸ்லி இறந்து 23 ஆண்டுகளின்பின் அவருடைய இயக்கம் இலங்கைக் கரையை அடைந்தது. அதற்குத் தலைமை தாங்கிப் புறப்பட்ட தோமஸ் கோக் 1814 மே 3 ஆம் நாள் இந்து சமுத்திரத்திலே கப்பலிலேயே உயிர்நீத்தார். உடன்வந்தோர் ஜூன் 29 ஆம் நாள் காலியில் இறங்கினர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்துக்கும், ஓல்ட் மட்டக்களப்புக்கும் சென்றனர். வழியிலே மனைவியை இழந்த ஓல்ட், மட்டக்களப்பிலே ஓராண்டு நிறையுமுன் தாமும் மறைந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் பாடசாலை, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி முதலியன இவர்கள் வழிவந்த மிஷனின் பணியிலே வேரூன்றியவை. நற்செயல் மீட்பதில்லை என்று பிரசங்கித்தவர்கள் விட்டுச்சென்ற நற்செயல்கள் இவை. விலையாகக் கொடுக்கவேண்டிய தேவை இல்லாதபோதே மனிதன் தாராளமாகக் கொடுக்கின்றான் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

வெஸ்லியின் பெயரை நினைப்போர் ஓல்டர்ஸ்கேற் தெருவையே பெரும்பாலும் நினைப்பர். அதற்குப் பதினொரு கிழமைகளின் முன், சிறைக்கூடமொன்றிலே, கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத ஒருவன் எதிரே, தம்மிடமும் ஒன்றும் இல்லை என்று அறிந்த ஒரு குருவானவர் நின்றார். அவர் அன்று கூறிய செய்தி முதலில் அக்கைதிக்கு, பின்னரே கூறியவருக்கு.